ஆயில் மூடியில் வெள்ளைப் பசை: நம் ஒர்க்‌ஷாப் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

பத்து நாளாகக் காட்பாடிப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. கார் இன்ஜினின் ஆயில் மூடியைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். உள்ளே கெட்டி மோர் போல வெளுத்த பசை. 'தண்ணீர் கலந்த டூப்ளிகேட் ஆயில்' என்று கீழே எழுதியிருக்கிறது. பெயர் போடவில்லை, ஆனால் எந்தக் கடை என்று உங்களுக்குத் தெரியும். பில்லில் தகராறு என்றால் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். கலப்படம் என்ற சொல்தான் தூங்க விடவில்லை. உங்கள் கண்ணெதிரே சீல் உடைத்து ஊற்றி, காலி டப்பாவையும் உங்கள் கையிலேயே கொடுக்கிற கடை இது.

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அது மறுபடி ஆவியாகிப் போய்விடும். இல்லாவிட்டால் அங்கேயே தங்கி, ஆயிலோடு கலந்து மூடியில் வெள்ளைப் பசையாகிவிடும்.

'வேலூர் வெயிலில் இல்லாத சூடா?' என்று ஒரு ஐயா கேட்டார். நம் வெயில் 40 டிகிரி. ஆயிலுக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும்.

இளவயதில் சென்னையில் சிறிய பயிற்சி விமானங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் ஹெல்பராக இருந்தேன். லைக்கமிங் என்ற கம்பெனியின் இன்ஜின். அதற்கு ரேடியேட்டரே கிடையாது, காற்றுதான் குளிர்விக்கும். அதன் ஆயிலிலும் தண்ணீர் சேரும்! விமானி முன்னால் ஆயில் சூட்டுக்கென்றே தனி மீட்டர் இருக்கும். சுமார் 82 டிகிரி வந்தால்தான் ஈரம் போகும் என்பது கணக்கு. குளிர்நாடுகளில் ஆயில் கூலரில் பாதியைத் தகடு வைத்து மறைத்தாவது அந்தச் சூட்டைக் கொண்டுவருவார்கள். பறக்காமல் நிற்கிற விமானத்தைத் தரையிலேயே சற்று நேரம் ஓட்டி அணைத்தால் ஈரம் இன்னும் கூடும்; அது இன்ஜினுக்குள் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்டில் துருவாகும். ஓடாமல் நின்றாலும் 4 மாதத்தில் ஆயிலை மாற்றச் சொல்வது அதனால்தான்.

நம் வண்டிகளும் அப்படித்தான். காந்தி நகரிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து வீடு. டேஷ்போர்டு முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. ஆயில் அதற்கு அப்புறம் மெதுவாகத்தான் சூடேறும். மார்கழிக் காலையில் வாசலிலேயே பத்து நிமிடம் ஓடவிடுவதால் பயனில்லை. வாரம் ஒரு தடவை பைபாஸில் ராணிப்பேட்டை வரைக்கும் போய் வாருங்கள், அரை மணி நேரமாவது நிற்காமல் ஓடட்டும். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியிலும் வெள்ளையாக இருந்து, கூலன்ட்டும் (ரேடியேட்டர் தண்ணீர்) குறைந்துகொண்டே வந்தால் மட்டும் ஓட்டாமல் எங்களைக் கூப்பிடுங்கள். அது ஹெட் கேஸ்கெட் சமாச்சாரம்; இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கிற அந்தத் தகடு போனால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் இறங்கிவிடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் கடைக்கு வாருங்கள். தட்டைச் சூடாக்கி, புது டப்பாவைத் திறந்து ஒரு சொட்டு விடுவோம். தண்ணீர் இருந்தால் தாளிக்கிற கடுகு போலப் படபடவென்று வெடிக்கும். உங்கள் வண்டியிலிருந்து எடுத்த ஆயிலிலும் ஒரு சொட்டை அதே தட்டில் விட்டுப் பாருங்கள்.

இரண்டு வண்டிகளில் சர்வீசுக்குப் பிறகு, இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறுகிற பிரீதர் டியூப் மடங்கியிருந்தது. காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்துவிட்டோம்.

படம் வந்த மறுநாளே போன் செய்து, 'அண்ணே, நாங்கள் நம்பவில்லை' என்று சொன்ன சத்துவாச்சாரி ஆட்டோக்காரர்களுக்கும், எப்போதும்போல வண்டியையும் சாவியையும் விட்டுப்போன டீச்சரம்மாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த வாரம் கடை திறந்தது உங்களால்தான்.

வரும் 1ஆம் தேதி முதல் ஆயில் மாற்றும் கூலி 50 ரூபாய் கூடுகிறது.

அன்புடன்,
உங்கள் ஒர்க்‌ஷாப்காரர்
காட்பாடி