வெள்ளைக் குட்டியைப் படமெடுக்கப் போகிறவனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. நவம்பர் கடைசியில் லண்டனுக்கு மகள் வீட்டுக்கு வருகிறாய் என்பதில் மகிழ்ச்சி. தூரத்தில் இருப்பதை அருகே காட்டும் 100-400 லென்ஸையும் வாங்கிவிட்டாயே! சாம்பல் சீல்களைப் பார்க்க அதுதான் சரியான சமயம். இங்கிலாந்தின் கிழக்கே, லிங்கன்ஷயர் கரையில் இருக்கும் டோனா நூக்குக்குப் போ. ஆண்டுதோறும் 2,000க்கு மேல் குட்டிகள் அங்கே பிறக்கின்றன. ஆனால் நீ நீர்நாய் என்று எழுதியிருக்கிறாய், சீல் நீர்நாய் இல்லை. நீர்நாய் நம் காவிரியிலேயே உண்டு. இதைக் கடல்நாய் என்று சொல், அல்லது சீல் என்றே சொல்.

அங்கே மணல்மேட்டை ஒட்டி மரவேலி போட்டிருக்கிறார்கள். சில தாய்கள் அதன் ஓரத்திலேயே குட்டி ஈனும். மனிதர் வேலியைத் தாண்டுவதில்லை என்று அவற்றுக்குப் பழகிவிட்டது. வேலியில்லாத கரையென்றால் 100 மீட்டராவது தள்ளியே இரு.

குட்டி பிறக்கும்போது சுமார் 14 கிலோ. பால்குடி காலம் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். பாலில் பாதிக்குமேல் கொழுப்பு என்பதால் நாளுக்கு 2 கிலோ வரை எடை கூடும். தாயோ அத்தனை நாளும் இரை தேடாமல் தன் உடம்பைக் கரைத்தே பால் கொடுக்கிறது. அது மிரண்டு விலகினால் குட்டிக்குப் பால் குறையும். அந்த வெள்ளை ரோமம் ஈரம் தாங்காது. கடலில் இறங்க நேர்ந்தால் குளிரிலேயே குட்டி செத்துவிடலாம். தனியே கிடக்கும் குட்டியை அநாதை என்று நினைத்துத் தொடாதே, தண்ணீருக்குள் தள்ளிவிடாதே. தாய் பக்கத்திலேயே இருக்கக்கூடும்.

படத்துக்கு வருகிறேன். தலையைத் தூக்கி உன்னையே பார்க்கும் சீல் உன்னால் கலைந்துபோன சீல். அந்தப் பார்வைக்காகக் காத்திருப்பவர்கள் பலர். எனக்கு அது தோற்ற படம். அப்படிப் பார்த்தால் அசையாமல் நில், அல்லது மெல்லப் பின்வாங்கு. இல்லாவிட்டால் அடுத்து அது கடலை நோக்கி நகரத் தொடங்கும். வாழைப்பழம்போல் வளைந்து, வாலும் தலையும் தூக்கிக் கிடந்தால் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள்.

மண்டியிட்டு, வேலிச் சட்டங்களின் இடைவெளியை ஒட்டி லென்ஸை வை. ஆனால் அப்பால் நீட்டாதே. லென்ஸின் துளையை எஃப் 5.6 என்று அகலமாக வைத்தால் சட்டங்கள் மங்கி மறைந்துவிடும். குட்டி மட்டத்திலிருந்து எடுப்பதால் பின்னணியும் சுத்தமாக இருக்கும். பழுப்பு மணலில் வெள்ளைக் குட்டி சிறிதாகத் தெரிந்தால் கேமரா ஏமாந்து ரோமத்தை வெளிறச் செய்யும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியை, மூன்றில் இரண்டு ஸ்டாப் (கேமராவில் -0.7) குறை. குட்டி சட்டகத்தை நிறைத்தால் நேர்மாறாகக் கூட்டவேண்டும். தூங்கும் சீலுக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும், ஆண் சீல்கள் சண்டை போட்டால் 1/1000. நான்கு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், கேமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 1600க்குக் கூட்டத் தயங்காதே. ஃபிளாஷ் வேண்டாம், ஷட்டர் ஓசையையும் அணைத்துவிடு. பாதை குறுகல் என்பதால் முக்காலிக்குப் பதில் ஒற்றைக்கால் தாங்கி கொண்டு வா. மணல் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றாதே.

சனி ஞாயிறு கூட்டம் தாங்காது, வாரநாளில் போ. எடுத்ததில் உன்னைப் பார்த்துத் தலை தூக்காத சீல்களின் படங்களை மட்டும் திருத்தாமல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராஜன்