பன்னிரண்டாயிரம் வாட்டும் ஒரு டாங் டெஸ்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழோடு வந்த பண்டிகைக் கால இணைப்பில் இரண்டு பக்கம் முழுக்க ஹோம் தியேட்டர் விளம்பரங்கள். ஒன்றில் 8,000 வாட், அதற்கடுத்ததில் 12,000, மூலையில் இருந்ததில் 15,000. ஏலக் கடையில் விலை ஏறுவது போல ஏறிக்கொண்டே போனது. மின்வாரியத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வுபெற்ற என்னால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

வீட்டுச் சுவரில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். அந்த ஓட்டையிலிருந்து 12,000 வாட்டை எப்படி எடுப்பது? 52 ஆம்பியர் வேண்டும். மாவு மில்காரர் போல மும்முனை இணைப்பு கேட்டு மனுப் போட வேண்டியதுதான்.

இவ்வளவு பேசும் நானும் ஏமாந்தவன்தான். இரண்டு தீபாவளிக்கு முன்பு, எங்கள் ஊர்க் கடை ஒன்றில் 14,500 ரூபாய் கொடுத்து '12,000 வாட்' என்று அச்சிட்ட பெட்டியை வாங்கி வந்தேன். என் மனைவிக்கு அறுபதைத் தாண்டியதிலிருந்து காது சற்று மந்தம். பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கின்றன, பேசுவது மட்டும் விளங்கவில்லை என்பது அவர் புகார். கடைக்காரப் பையன் குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டுக் கடையின் கண்ணாடிக் கதவை அதிர வைத்தான். வசனம் வரும் காட்சி ஒன்றைப் போடச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாட்டைப் பற்றிச் சந்தேகம் கேட்டபோது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் பதிவு முத்திரையைக் காட்டினான். அந்த முத்திரை ஷாக் அடிக்காமலும் தீப்பிடிக்காமலும் இருப்பதைப் பற்றியது; வாட்டுக்கு அது சாட்சி சொல்லாது. தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் மாட்டியபின் இடி முன்பைவிடப் பெரிதாக இடித்தது. வசனம் முன்பைவிடக் குறைவாகக் கேட்டது. பெட்டியைக் கவிழ்த்துப் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தேன்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 55 வாட். பரணிலிருந்து பழைய டாங் டெஸ்டரை இறக்கினேன்; வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் கருவி அது. இத்தனை சின்ன கரண்ட்டை அது சரியாகக் காட்டாது என்பதால் ஒற்றை வயரை அதன் வாயில் பத்து சுற்றுச் சுற்றி, ஒலியை முழுதாக ஏற்றி வைத்துப் பார்த்தேன். 2.1 காட்டியது. பத்தால் வகுத்தால் 0.21 ஆம்பியர். அதாவது 50 வாட்டுக்கும் உள்ளே. எங்கள் கூடத்து மின்விசிறி இதைவிட அதிகம் இழுக்கிறது.

அந்தப் பன்னிரண்டாயிரத்துக்குப் பெயர் பிஎம்பிஓ, கண நேர உச்ச வாட் என்று சொல்லிக்கொள்வது. இதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. அவரவர் மனம்போல் பெருக்கிக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட். அதிலும் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, எவ்வளவு, எத்தனை ஓம் தடை உள்ள ஸ்பீக்கருக்கு, எவ்வளவு சிதைவோடு என்பதைப் பார்க்க வேண்டும். பத்து சதவீதச் சிதைவில் அளந்த வாட்டும் ஒரு சதவீதத்துக்குள் அளந்த வாட்டும் ஒன்றல்ல. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். கொஞ்சம் கூடியிருக்கிறது என்று காது சொல்லும், அவ்வளவுதான். சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் ஒலி தரும் என்ற அளவு) 85 என்று போட்ட ஸ்பீக்கருக்குப் பதில் 88 போட்டதை வாங்கினால் அதே 3 டெசிபல் கிடைத்துவிடும்.

கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கும் என் தங்கை மகன் பொங்கலுக்கு வந்திருந்தான். "மாமா, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள், குரல் எங்கிருந்து வருகிறது?" என்றான். மூடிப் பார்த்தேன். கதாநாயகன் அலமாரிக்கு அடியிலிருந்து பேசிக்கொண்டிருந்தான். உள்ளங்கை அளவுப் பெட்டியில் இருக்கும் இரண்டரை அங்குலக் கூம்பால் ஆண்குரலின் கீழ்ப்பகுதியைத் தர முடியாதாம். அதனால் இடியை மட்டும் தர வேண்டிய சப்வூஃபர் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. அதை நான் மூலையில் தள்ளி வைத்திருந்தேன். மூலையில் வைத்தால் இடி இன்னும் ஊதிப் பெருக்கும். போதாததற்கு, டிவியிலிருந்து சிவப்பு வெள்ளை வயரில் இணைத்திருந்தார்கள். அதில் வருவது இரண்டே சேனல். ஐந்து ஸ்பீக்கரும் அதைத்தான் பங்கு போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தன. டிவியின் எச்டிஎம்ஐ ஓட்டைகளில் ஏஆர்சி என்று எழுதியது ஒன்று இருக்கும்; டிவியின் ஒலியைச் சேனல் சேனலாகப் பிரித்தே வெளியே அனுப்பும் வழி அது. அந்த வசதி 2009-லேயே வந்துவிட்டது. நான் வாங்கிய பெட்டியில் அதை மாட்ட இடமே இல்லை.

அவன் யோசனைப்படி ஆறு மாதம் பணம் சேர்த்து வேறு வாங்கினோம். டிவியின் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பெருக்கித் தரும் ஏவி ரிசீவர் ஒன்று, 8 ஓமுக்குச் சேனலுக்கு 70 வாட் என்று எழுதியது. முன்பக்கத்துக்கு ஒரே வரிசையைச் சேர்ந்த மூன்று ஸ்பீக்கர்கள், ஐந்தேகால் அங்குலக் கூம்பு உள்ளவை. பின்பக்க ஸ்பீக்கரும் சப்வூஃபரும் இப்போதைக்கு வேண்டாம் என்றான். எனக்கு அரைமனதுதான், ஐந்து வாங்கியவன் மூன்றுக்கு இறங்குவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஆனால் 5.1 என்று, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலி பிரித்து, வரும் படங்களில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. பணத்தை அங்கேதான் போட வேண்டும். அதை ஷோகேஸ் கண்ணாடிக்குள் அடைக்காமல் டிவிக்குக் கீழே மேசை விளிம்புவரை இழுத்து வைத்து, முன்பக்கம் இரண்டு ரப்பர் துண்டைக் கொடுத்து, முகத்தைக் காதை நோக்கித் தூக்கிவிட்டான். ரிசீவரில் அந்த ஒன்றை மட்டும் 3 டெசிபல் கூட்டினான். பிறகு கூடத்தின் நடுவில் நின்று கை தட்டினான். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் கணீரென்று திருப்பித் தட்டின. பெட்டியில் மடித்துக் கிடந்த பவானி ஜமக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டோம். அது முழு வைத்தியம் இல்லை, ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. என் மனைவி இப்போது நாடகம் பார்க்கும்போது "என்ன சொன்னான்?" என்று என்னைக் கேட்பதில்லை. அந்த நேரத்தில்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பதால் இது எனக்கும் லாபம்.

அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1974-லேயே விதி போட்டுவிட்டார்கள். நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் உண்டு. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் பெட்டியில் இருக்கும் பொய்யை அப்படியே வண்ணத்தில் அச்சிட்டு வீட்டு வாசலில் போடுவது தங்கள் பத்திரிகை. வாட் என்று எண் போடும் எந்த விளம்பரத்திலும் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணையும் அதே எழுத்தளவில் போடச் சொல்லி விளம்பரப் பிரிவுக்குத் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த 15,000 வாட்காரருக்கு ஆட்சேபம் இருந்தால் கடையைச் சொல்லுங்கள், டாங் டெஸ்டரோடு வருகிறேன். பஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஃபோர்மேன்,
கும்பகோணம்