116-112: மூன்று அட்டையும் ஒன்றாக இருந்தால் மோசடியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள் ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃபியூரி இருவரின் மறுமோதலில் உசிக் வென்றது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதலாவது சிறியது. நான்கு பட்டங்களுக்கான போட்டி என்று போட்டிருந்தீர்கள், மூன்றுதான். 2024 மே 18இல் ரியாத்தில் நடந்த முதல் மோதலில் உசிக் நான்கு பெரிய உலக அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றாக்கினார். ஆனால் மறுமோதலுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்ததால் அவற்றில் ஒன்றான ஐ.பி.எஃப். அமைப்பு நிறுத்திய கட்டாயப் போட்டியாளரைச் சந்திக்க அவருக்கு வழியில்லை. ஜூனிலேயே அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். அந்த நான்கில், மறுமோதல் நடந்த டிசம்பர் 21இல் பந்தயத்தில் இருந்தவை டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஓ. மட்டுமே.

இரண்டாவதை அப்படி விட முடியாது. மூன்று நடுவர்களும் உசிக்குக்கு 116-112 என ஒரே எண்ணைக் கொடுத்தது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வாழைச்சேனையில் இருந்து அக்கரைப்பற்று வரை தேத்தண்ணிக் கடைகளில் இப்போது இந்தப் பேச்சுத்தான். குத்துச்சண்டை பழகும் பொடியன்கள்கூட அதையே திருப்பிச் சொல்கிறார்கள். ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடக் கூடிய விஷயம் இது.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருமுறை கீழே விழுந்தவருக்கு வழமையாக 8. ஆக சாதாரணச் சுற்று ஒன்றின் கூட்டுத்தொகை 19. பன்னிரண்டு சுற்றுக்கு 228. நடுவர் புள்ளி எழுதும் அட்டையில் உள்ள இரண்டு எண்களையும் கூட்டுங்கள். 228 வந்தால் யாரும் விழவில்லை, சமன் சுற்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 227 வந்தால் எங்கோ ஒரு 10-8 இருக்கிறது. 116உம் 112உம் சேர்ந்தால் 228. அதாவது எட்டுச் சுற்று உசிக்குக்கு, நான்கு ஃபியூரிக்கு. மூன்று பேரும் சொன்னது இவ்வளவுதான். எந்த எட்டுச் சுற்று என்பது மூன்று அட்டையிலும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒருவர் ஐந்தாம் சுற்றை ஃபியூரிக்கும் பத்தாம் சுற்றை உசிக்குக்கும் போட்டு, மற்றவர் அதை மாற்றிப் போட்டாலும் கூட்டுத்தொகை அதேதான் வரும்.

இனி மே மாத அட்டைகளைப் பாருங்கள். உசிக்குக்கு 115-112, 114-113, ஃபியூரிக்கு 114-113. மூன்றிலும் கூட்டினால் 227. ஒன்பதாம் சுற்றில் ஃபியூரி கயிற்றில் மோதித் தள்ளாடியபோது மேடைக்குள் நிற்கும் மத்தியஸ்தர் எண்ணத் தொடங்கினாரே, அதன் கணக்கு இது. கயிறு தாங்கியிராவிட்டால் விழுந்திருப்பார் என்றால் விதிப்படி அதுவும் விழுந்ததாகவே கொள்ளப்படும். சுற்றுகளாகப் பிரித்தால் உசிக் வென்றவை முறையே 7, 6, 5. அந்த எண்ணுதல் நடக்காமல் ஒன்பதாம் சுற்று வெறும் 10-9 ஆகியிருந்தால் அட்டைகள் 115-113, 114-114, 113-115 என்று மாறியிருக்கும். முழுப் போட்டியும் சமன்! முதல் மோதல் அந்த ஒரு புள்ளியில்தான் தொங்கியது. மறுமோதலில் 7, 6, 5 என்பது 8, 8, 8 ஆனது. யாரையும் விழுத்தாமலே இடைவெளி விரிந்தது.

சோதனைக்காகச் செயற்கை நுண்ணறிவுக் கணினி ஒன்றையும் அன்று புள்ளியிட வைத்தார்கள். அது முடிவில் சேராது. அது கொடுத்தது 118-112. கூட்டினால் 230, 228ஐ விட இரண்டு அதிகம், அதாவது இரண்டு சுற்று சமன், இரண்டு ஃபியூரிக்கு. மிகுதி எட்டும் உசிக்குக்கு. அங்கேயும் அதே எட்டு!

அப்படியானால் பார்த்தவர்களில் பலருக்கு ஃபியூரி வென்றதாக ஏன் தோன்றியது? நம் ஊர் நேரத்துக்கு அது ஞாயிறு விடியற்காலை, மாரி மழை, கைத்தொலைபேசித் திரை. படம் இரண்டு விநாடி உறைந்தாலே மூன்று குத்துகள் போய்விடும். சிறிய திரையில் 6 அடி 9 அங்குல மனிதர் 6 அடி 3 அங்குலக்காரர்மேல் சாய்ந்து கழுத்தை அமுக்குவது பெரிதாகத் தெரியும். அதற்குப் புள்ளி கிடையாது. கையிலும் உறையிலும் விழும் குத்துக்கும் கிடையாது. உறையின் முட்டிப்பகுதி தலையின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ, அரைப்பட்டிக்கு மேலே உடம்பிலோ சுத்தமாகப் பட்டால்தான் கணக்கு. உசிக்கின் நேர் இடது குத்து அப்படிப்பட்டது. அவர் இடக்கை நிலையில் நிற்பவர். முன் வலது காலை எதிராளியின் முன் காலுக்கு வெளியே வைத்துக்கொண்டால் அவரது இடக்கைக்கு நடுவில் நேர் வழி திறக்கும். அந்தக் குத்தில் ஆரவாரம் இல்லை. கமராவுக்கு முதுகு காட்டி நிற்கும் நேரத்தில் கண்ணுக்கே படாது. நடுவர்கள் மேடையின் மூன்று பக்கங்களில் பிரிந்து உட்காருவது இதற்காகத்தான்.

வீட்டிலிருந்து புள்ளியிடுபவர்கள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். வர்ணனையாளரின் குரல் கையைப் பிடித்து எழுத வைத்துவிடும். சுற்று முடிந்ததும் இடைவேளை ஒரு நிமிடத்துக்குள் எண்ணை எழுதிவிட வேண்டும், பிறகு தொடக் கூடாது. படம் உறைந்த சுற்றுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மிகக் கூடுதலாகப் பிழைப்பது கடைசி முப்பது விநாடியில்: இரண்டரை நிமிடம் தோற்றவர் முடிவில் நாலு குத்துப் போட்டதும் சுற்றையே அவருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

எடை பற்றியும் ஒரு வார்த்தை. ஹெவிவெயிட்டில் 200 இறாத்தலுக்கு மேல் எவ்வளவும் இருக்கலாம். மே மாதம் 262 இறாத்தலாக வந்த ஃபியூரி டிசம்பரில் 281, உசிக் 226. இருவரும் உடுப்போடு தராசில் ஏறியதால் அந்த 281இல் துணியின் பாரமும் உண்டு. கூடிய எடை கட்டிப்பிடிக்கும்போது எதிராளியைக் களைக்க வைக்கும். ஆனால் பக்கவாட்டில் நகரும் ஒருவருக்கு முன்னால் ஒவ்வொரு திரும்பலுக்கும் கால்கள்தான் விலை கொடுக்கின்றன. 2019 டிசம்பரில் அந்தோனி ஜோஷுவாவுடனான மறுமோதலில் அன்டி ரூயிஸ் என்ற ஹெவிவெயிட் வீரர் இதே பிழையைச் செய்தார்: முதல் மோதலில் 268, மறுமோதலில் 283. ஜோஷுவா 247இல் இருந்து 237க்கு இறங்கி, பன்னிரண்டு சுற்றும் நடந்து நடந்தே 118-110, 118-110, 119-109 என வென்றார். நிறை கூடினால் பலம் கூடும் என்று நினைக்கும் நம் இளைஞர்களுக்கு அந்த இரண்டு தராசுக் கணக்கையும் காட்ட வேண்டும்.

தீர்ப்பை யாரும் விமர்சிக்கலாம். ஃபியூரியின் போட்டி ஏற்பாட்டாளர் ஃபிராங்க் வோரன், ஃபியூரிக்கு நான்கு சுற்றுத்தானா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி, எந்தச் சுற்று என்று காட்டிப் பேசலாம். எண்கள் ஒத்துப்போனதையே குற்றமாக்குவது வேறு. அடுத்த முறை தங்கள் செய்தியின் கீழே பன்னிரண்டு கட்டம், மூன்று வரிசையில் நடுவர்களின் அட்டையை அப்படியே போடுங்கள். இரண்டு அங்குல இடம் போதும். பட்டங்கள் பற்றிய திருத்தத்தையும் வரும் ஞாயிறு இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குத்துச்சண்டை ஆர்வலர்,
கல்லடி, மட்டக்களப்பு.