கடற்கரைக்கு ஒரு சட்ட இதழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமேசுவரம் விசைப்படகு ஒன்று இலங்கையின் நெடுந்தீவு அருகே அந்நாட்டுக் கடற்படையிடம் பிடிபட்டால், எத்தனை பேர், எந்த இறங்குதுறைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள், எந்தத் தேதி வரை காவல் என்ற விவரங்கள் மறுநாள் காலையே தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. அவர்கள் ஊர் திரும்பும் நாளில் இன்னொரு செய்தியும் படமும் வருகின்றன. இவ்விரண்டு செய்திகளுக்கும் நடுவே ஒரு நீதிமன்றத்தில் என்ன நடந்தது, எந்தச் சட்டத்தின்கீழ் என்ன உத்தரவு பிறந்தது, அந்த உத்தரவால் அந்த மனிதருக்கு நாளைக்கு என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுதி வைக்க இந்தக் கரையில் ஓர் ஏடு இல்லை. அது செய்தியாளர்களின் வேலையன்று. சட்டம் படிப்பவர்களும் அதைச் சொல்லித் தருபவர்களும் செய்ய வேண்டியது என்பது என் கருத்து. அதைப் பற்றியே இக்கடிதம்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இராமநாதபுரத்தில் வழக்காடி வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அம்மா, பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்த ஒரு தாளோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகன் கூலிக்குப் படகேறுபவர். முதல் முறை பிடிபட்டு விடுபட்டபோது, இலங்கையில் அவருக்காக முன்னிலையான சட்டத்தரணி (அங்கே வழக்கறிஞரை அப்படித்தான் சொல்கிறார்கள்) எழுதிக் கொடுத்த குறிப்பு அது. 'ஐந்து வருடங்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட ஆறு மாத சிறைத்தண்டனை' என்று நல்ல தமிழில், தெளிவான கையெழுத்தில் இருந்தது. "கேசை அஞ்சு வருசத்துக்கு ஒத்தி வச்சிட்டாங்கன்னு சொன்னான் சார். அஞ்சு வருசம் கழிச்சுக் கூப்பிட்டா போய்க்கலாம்னுதான் இருந்தோம்" என்றார் அந்த அம்மா. மகன் அதே நம்பிக்கையில் மறுபடியும் கடலுக்குப் போய், இரண்டாம் முறையும் பிடிபட்டு, அப்போது அங்கே சிறையில் இருந்தார்.

அவர்கள் புரிந்துகொண்டதில் குற்றம் காண முடியாது. நம் நீதிமன்ற வளாகத்தில் ஒத்திவைப்பு என்றால் வாய்தா; வழக்கு வேறொரு தேதிக்குப் போகிறது, அவ்வளவுதான். பாக் நீரிணையின் அந்தப் பக்கத்தில் அதே சொல், குற்றவாளி என்று தீர்ப்பாகித் தண்டனையும் விதிக்கப்பட்ட பின், குறித்த காலத்துக்குள் மறுபடியும் குற்றம் செய்யாமல் இருந்தால் அந்தத் தண்டனையை அனுபவிக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டைக் குறிக்கிறது. நம் நாட்டில் இதற்குச் சற்றே நெருங்கி வருவது 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இன்னொரு சொல் விளக்கமறியல். நாம் ரிமாண்டு என்றும் நீதிமன்றக் காவல் என்றும் சொல்வதை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். சாலை மறியல், ரயில் மறியல் பார்த்தே பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அச்சொல் முதன்முதலாகக் காதில் விழும்போது என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மொழி பேசும் இரண்டு கரைகளுக்கு நடுவே சட்டத் தமிழ் இரண்டாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் ஓர் இளைஞர் சிறைக்குப் போனார்.

இலங்கையில் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்தும் 1979ஆம் ஆண்டுச் சட்டம், அது 2018இல் திருத்தப்பட்டு அபராதங்கள் கடுமையாக உயர்த்தப்பட்டது, இழுவை மடிக்கு அந்நாடு 2017இல் விதித்த தடை, பிடிபட்ட படகை மீட்க உரிமையாளர் அங்குள்ள நீதிமன்றத்தில் நேரில் முன்னிலையாக வேண்டிய நிலை, முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் தண்டனையில் உள்ள வேறுபாடு ஆகிய இவற்றை நான்கு பக்கத்தில் எளிய தமிழில் ஒரு சட்ட மாணவர் எழுதியிருந்தால், அதைப் பாம்பனிலும் மண்டபத்திலும் மீனவர் சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டி வைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு கட்டுரை அன்று இல்லை.

மாணவர்கள் எழுதாமலும் இல்லை. விடுமுறைப் பயிற்சிக்கு என் அலுவலகத்துக்கு வந்த ஒரு மாணவர், மூன்றாம் ஆண்டிலேயே ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருப்பதாகச் சொல்லிச் சான்றிதழ்களைக் காட்டினார். ஐந்தும் ஆங்கிலத்தில் இருந்தன. செயற்கை நுண்ணறிவும் சட்டமும், விண்வெளிச் சட்டம், மெய்நிகர் நாணயம் என்று தலைப்புகள். ஐந்துக்கும் பணம் கட்டியிருந்தார்; அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்புக் கடிதம் வந்ததாகப் பெருமையோடு சொன்னார். எந்த ஆசிரியரும் ஒரு வரியைக்கூடத் திருத்தச் சொல்லவில்லையா என்று கேட்டேன், இல்லை என்றார். கெட்டிக்காரப் பிள்ளை. அவருடைய அப்பா ஏர்வாடிப் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கிறார் என்பது தேநீர் குடிக்கும்போதுதான் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று இராமேசுவரம் பக்கம் வகுத்துக்கொண்ட ஏற்பாடு எப்படி வந்தது, அதை மீறினால் யார் விசாரிப்பார்கள், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தோடு அது எங்கே பொருந்துகிறது, எங்கே முட்டுகிறது என்றெல்லாம் அவர் அரை மணி நேரம் சரளமாகப் பேசினார். இதை எழுதலாமே என்றேன். "இதெல்லாம் ஜர்னல்ல போடுவாங்களா சார்?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

மாணவர்கள் நடத்தும் சட்ட இதழ் என்பது விளையாட்டுக் காரியமன்று. ஹார்வர்டு சட்டக் கல்லூரி மாணவர்கள் 1887இல் தொடங்கி இன்றளவும் மாணவர்களே பதிப்பிக்கும் இதழில், 1890இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் தனியுரிமை பற்றி எழுதிய கட்டுரை, 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது எடுத்தாளப்பட்டது. நம் மாகாணத்திலும் 1891இலேயே மெட்ராஸ் லா ஜர்னல் தொடங்கிவிட்டது. தனக்கு முன்னால் கிடந்த வழக்குகளையே அது பேசியது. பேசப்பட்டதால்தான் அவை சட்டமாக நிலைத்தன.

எழுதுவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு வழக்குகளை நினைவூட்டுகிறேன். இந்துச் சட்டம் படித்த எவரும் இராமநாதபுரம் வழக்கைத் தாண்டி வந்திருக்க முடியாது. கணவரின் அனுமதி இல்லாவிட்டாலும் அவருடைய சபிண்டர்களின், அதாவது நெருங்கிய இரத்த உறவினர்களின், சம்மதத்தோடு கைம்பெண் சுவீகாரம் எடுக்கலாமா என்று சேதுபதி சமஸ்தானத்தில் எழுந்த வழக்கில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட சட்ட வாசகத்தை விஞ்சும் என்று, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1868இல் சொன்னது. இந்தியா முழுவதும் மனப்பாடம் செய்யும் அந்த வரி நம் அரண்மனைச் சொத்துத் தகராறில் பிறந்தது. இன்னொன்று, பாக் விரிகுடாவின் சங்குப் படுகையில் சங்கு எடுத்தது திருட்டாகுமா என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆராய்ந்த அன்னக்குமரு பிள்ளை எதிர் முத்துப்பயல் வழக்கு. சங்குக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வி, அந்தக் கடற்பரப்பே யாருடையது என்ற கேள்வியாக அங்கே வளர்ந்தது. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போன, 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை ஒப்பந்தம் இந்த நீரைத்தான் 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்று தலைப்பிலேயே அழைக்கிறது. கச்சத்தீவைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம்; ஆனால் அந்த ஒப்பந்தத்தின் 5, 6ஆம் பிரிவுகளையும், 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்களையும், தமிழில் வரிக்கு வரி உரையோடு ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை.

இவை பழையவை என்றால் புதியவையும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. தலைமுறைகளாக அத்தீவுகளின் ஓரத்தில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுத்துவரும் பெண்களுக்கு, அந்தப் பூங்காவின் எல்லைக்குள் எந்த உரிமை மிஞ்சியிருக்கிறது? எந்தப் பாசியை எப்படி அறுத்தால் மறுபடி தழைக்கும், மாதத்தில் எத்தனை நாள் எடுக்கலாம் என்று அவர்கள் தங்களுக்குள்ளே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடுகளை யாராவது எழுதி வைத்திருந்தால், அதுவே நாளை ஒரு நீதிமன்றத்தில் சான்றாகும். 1868ஆம் ஆண்டு வாசகத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வன உயிரினச் சட்டத்துக்கு எதிரே நேராக நிறுத்திவிட முடியாது என்பது எனக்கும் தெரியும்; அது இந்துக்களின் தனிச்சட்டம் பற்றிய பேச்சு. எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று ஆராய்வதுதானே ஆய்வு. கடலட்டை வழக்குகளும் அப்படியே. 2001இல் கடலட்டை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது; இங்கே அதை வைத்திருப்பதே குற்றம், எதிர்க்கரையில் பண்ணை வைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். இந்த வழக்குகளில் நம் நீதித்துறை நடுவர் நீதிமன்றங்களில் பிணைக்கு என்ன நிபந்தனை விதிக்கிறார்கள், எத்தனை வழக்குகள் எந்தக் குறைபாட்டால் விடுதலையில் முடிகின்றன என்பது எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் ஏறுவதில்லை. மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வுக்குப் போனால்தான் உண்டு. ஏழையின் வழக்கு பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. 2017இல் இராமநாதபுரத்தில் தொடங்கப்பட்ட அரசு சட்டக் கல்லூரியை நடுவாகக் கொண்டு, மாணவர்களே பதிப்பாசிரியர்களாகவும் ஆசிரியர்கள் மேற்பார்வையாளர்களாகவும் இருந்து, ஆண்டுக்கு இரண்டு முறையாவது கடற்கரைச் சட்டத்துக்கென்று ஒரு தமிழ் இதழ் வரவேண்டும். வாழ்த்துரைகளும் குழுப் புகைப்படங்களும் நிறைந்த ஆண்டு மலரை நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மலர்கள் பல கல்லூரிகளிலிருந்து என் மேசைக்கு வந்து, பிரிக்கப்படாமலேயே அலமாரிக்குப் போயிருக்கின்றன. இவ்விதழில் வரும் கட்டுரை ஒவ்வொன்றும், வழக்கு நடத்தும் ஒருவராலும் பாடம் நடத்தும் ஒருவராலும் படிக்கப்பட்டு, தவறு இருந்தால் திருப்பி அனுப்பப்பட வேண்டும். திருப்பி அனுப்பப்படுவதில்தான் மாணவர் எழுதக் கற்கிறார். நீதிமன்ற ஆவணங்களை வெளியிடும்போது பெயர்களை மறைப்பதும், நிலுவையில் உள்ள வழக்கைத் தொடாமல் இருப்பதும் கண்டிப்பான விதிகளாக இருக்க வேண்டும்.

தமிழில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று கேட்பார்கள். ஆய்விதழ்களைத் தரம்பிரிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு நடத்திவந்த 'கேர்' பட்டியல் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டு, எது நல்ல இதழ் என்று தீர்மானிக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டிருக்கிறது. ஒழுங்காக நடக்கும் தமிழ் இதழ் ஒன்றை ஏற்பதற்கு இதைவிட நல்ல தருணம் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தானே என்பது அடுத்த கேள்வி. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இலேயே நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தின் பக்கம் நிற்பவன் நான். ஆனால் வழக்காடு மொழி அரசாணையால் மட்டும் வந்துவிடாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நிலைப்பதற்கு, அச்சொல்லை வைத்து நூறு பேர் வாதாடியும் எழுதியும் இருக்க வேண்டும். கொழும்பில் இலங்கைச் சட்டக் கல்லூரியின் தமிழ் மாணவர்கள் 'நீதிமுரசு' என்ற பெயரில் தங்கள் தமிழ் மன்றத்தின் சட்ட மலரைப் பல ஆண்டுகளாகக் கொண்டுவருகிறார்கள். போர்க்காலத்திலும் அது வந்தது. அந்த மலரின் பழைய பிரதி ஒன்றைப் புரட்டியபோதுதான், நாம் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிவிட்ட பல கருத்துகளை அவர்கள் தமிழில் கூச்சமின்றி எழுதுவதைக் கண்டேன். இரு கரைச் சட்டச் சொற்களையும் எதிரெதிரே வைத்து ஒரு பட்டியல் தயாரிப்பதையே முதல் இதழின் முதல் வேலையாகக் கொள்ளலாம்.

பணம் ஒரு பெரிய தடை என்று எனக்குத் தோன்றவில்லை. சான்றிதழுக்காக மாணவர்கள் வெளியே கட்டும் தொகையில் ஒரு பகுதி போதும். வழக்கறிஞர் சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் மீதத்தைப் பார்த்துக்கொள்வார்கள். கடினமானது ஆசிரியர்களின் நேரம். அதைக் கல்லூரி நிருவாகம் அவர்களுடைய பணிச்சுமையில் ஒரு பகுதியாகக் கணக்கிட முன்வர வேண்டும்.

என் பங்குக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கடல் சார்ந்த வழக்குகளில் எனக்குக் கிடைத்த கீழமை நீதிமன்ற உத்தரவு நகல்களை என் குமாஸ்தா ஆண்டுவாரியாக, சிவப்பு நாடா கட்டி, மூன்று இரும்பு அலமாரித் தட்டுகளில் அடுக்கி வைத்திருக்கிறார். கட்சிக்காரர்களின் பெயரை நீக்கிப் பயன்படுத்துவதாக எழுதிக் கொடுத்தால், எந்தச் சட்ட மாணவரும் வந்து உட்கார்ந்து படிக்கலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் வருவது நல்லது. அதற்கு முன் நான் நீதிமன்றத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
இராமநாதபுரம்.