வீணாகும் முதல் மூன்று மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர்க்கரை நோய் பற்றிப் பத்திரிகைகளில் வருவதில் பெரும்பகுதி, எதைச் சாப்பிடக் கூடாது என்ற பட்டியல்தான். நோய் இருப்பதை இப்போதுதான் தெரிந்துகொண்ட ஒருவருக்கு அது போதாது. அடுத்த மூன்று மாதத்தில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று அவருக்கு யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. அந்த மூன்று மாதம் விலைமதிப்பற்றது. பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய யு.கே.பி.டி.எஸ். ஆய்வு, புதிதாக இரண்டாம் வகை நோய் கண்டவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு குழுவுக்குச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியும் இன்னொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை கொடுத்தும் நடந்தது. ஆய்வு முடிந்ததும் இரு குழுக்களின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அப்படியிருந்தும், பத்தாண்டு கழித்து 2008-இல் வெளியான தொடர் ஆய்வில், தொடக்கத்திலேயே கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்பும் மாரடைப்பும் குறைவாக இருந்தன.

முதல் வேலை, நோய் உறுதிதானா என்று பார்ப்பது. எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 126 மி.கி. அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருக்க வேண்டும், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இழப்பு என எந்த அறிகுறியும் இல்லாதவர் ஒரே ஒரு முடிவை வைத்து ஆயுள் முழுவதற்குமான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இன்னொரு சோதனையும் அதையே சொல்ல வேண்டும். இரண்டும் ஆய்வகத்தில் செய்தவையாக இருக்க வேண்டும். வீட்டுக் கருவி கண்காணிக்கத்தான், கண்டறிய அல்ல. எச்.பி.ஏ.1சி-யும் எல்லோரிடமும் உண்மை பேசாது. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில் அது கூடுதலாகக் காட்டலாம். ரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தாலோ, அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைத்துக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபின் எண்ணையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

எந்த வகை என்பதிலும் தவறு நடக்கிறது. மெலிந்த உடல், சில வாரங்களில் மளமளவென்று எடை இறக்கம், சிறுநீரில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலப் பொருள்) இவை இருந்தால், வயது நாற்பதோ ஐம்பதோ, அது உடலில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் முதல் வகையாக இருக்கலாம். ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் என்ற ரத்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். அவருக்கு இன்சுலின் தேவை. மாத்திரையை மட்டும் கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு சேர்ந்து வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் வகை, கண்டுபிடிக்கப்படும் முன்பே ஆண்டுக்கணக்கில் உடலில் இருந்திருக்கக்கூடும். ஆகவே கண் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கண்பாவையைச் சொட்டு மருந்தால் விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது. சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் (சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறதா என்று காட்டுவது), ரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு, ரத்த அழுத்தம், பாதத்தில் தொடு உணர்வு ஆகியவையும் முதல் மாதத்திலேயே பார்க்கப்பட வேண்டும். அல்புமின் விகிதம் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி.க்கு மேல் போனால் உடனே கலங்க வேண்டாம். காய்ச்சலோ, முந்தின நாள் செய்த கடுமையான உடற்பயிற்சியோ அதை ஏற்றிவிடும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் அது கணக்கு.

அடுத்தது வீட்டில் சர்க்கரை பார்ப்பது. பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை குத்திப் பார்த்து, 115 என்று வந்தால் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். இரவில் கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை வெளியே விட்டது என்பதைத்தான் அந்த எண் பெரிதும் காட்டுகிறது. நேற்று மதியச் சாப்பாடு என்ன செய்தது என்பது அதில் தெரியாது. அதற்கு இரட்டைச் சோதனை வேண்டும்: சாப்பிட உட்காரும் முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. சாப்பிட்டு எழுந்த நேரத்திலிருந்து கணக்கிடுவதால்தான் பலருடைய எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. மூன்று நாள் காலை உணவுக்கு, மூன்று நாள் மதிய உணவுக்கு, மூன்று நாள் இரவு உணவுக்கு என்று மாற்றி மாற்றிப் பார்த்து, தட்டில் இருந்ததையும் அளவோடு எழுதிவைத்தால், எந்த வேளை கெடுக்கிறது என்று ஒன்பதே நாளில் தெரிந்துவிடும். கர்ப்பிணிகள் அல்லாத பெரியவர்கள் பெரும்பாலோருக்குச் சாப்பிடும் முன் 80 முதல் 130 வரை, சாப்பிட்ட பின் 180-க்குள் என்பது இலக்கு. முதியவர்களுக்கும் வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் மருத்துவர் அதைத் தளர்த்துவார்.

குத்தும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணை வெகுவாக ஏற்றிவிடும். ஈரவிரலில் ரத்தம் நீர்த்து எண் குறையும். விரல்நுனியின் நடுவில் குத்தினால் வலி அதிகம், பக்கவாட்டில் குத்துவது நல்லது. துளி வரவில்லை என்று விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்துவிடும். ஸ்ட்ரிப் குப்பியை மூடாமல் வைத்தால் ஈரக்காற்று பட்டு ஸ்ட்ரிப் கெடும். நல்ல கருவியே 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம் என்பதால் 160-க்கும் 175-க்கும் இடையே வேறுபாடு தேடி மனம் நொந்து பயனில்லை.

மாத்திரைக்கு வருவோம். பெரும்பாலும் மெட்ஃபார்மினில்தான் தொடங்குவார்கள். முதல் வாரத்திலேயே வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்து, "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். மருந்து ஒத்துக்கொள்ளாததைவிட, வேகமாக ஏற்றியதுதான் பலருக்குக் காரணம். நாளுக்கு 500 மி.கி. என்று சாப்பாட்டோடு தொடங்கி, வயிறு பழகிய பின், வாரத்துக்கு 500 மி.கி. வீதம் மருத்துவர் சொல்லும் அளவு வரை ஏற்ற வேண்டும். அப்போதும் தொல்லை தந்தால், மெல்லக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன் (இ.ஜி.எஃப்.ஆர்.) 30-க்குக் கீழே இருந்தால் இந்த மருந்தே கூடாது. கிரியாட்டினினை முதலில் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் மெட்ஃபார்மினையும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர் அதைத் தாமாக நிறுத்தவே கூடாது.

மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு வகைகளும் இன்சுலினும் இறக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்ப்பதுதான் வழக்கமான விபத்து. 70-க்குக் கீழே போனாலோ, நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்தாலோ, 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை நோயாளியைவிட வீட்டில் இருப்பவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் நோயாளி தெளிவாக யோசிக்க மாட்டார்.

உணவில் பட்டினி தேவையில்லை. தட்டில் பாதி மாவுச்சத்துக் குறைந்த காய்கறி, கால்பங்கு புரதம், கால்பங்கு தானியம் என்பது தொடங்கப் போதுமான கணக்கு. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உடற்பருமன் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பு இன்னும் பெரிய ஆயுதம். நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான டைரக்ட் ஆய்வில், 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே நோய் தணிந்திருந்தது. அதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எடை திரும்பினால் நோயும் திரும்பும். ஆண்டுச் சோதனைகள் தொடர வேண்டும்.

சர்க்கரை இறங்கத் தொடங்கும் வாரங்களில் இரண்டு விஷயங்கள் மக்களை வீணாகப் பயமுறுத்துகின்றன. ஒன்று, பார்வை மங்குவது. கண்ணின் வில்லையில் நீர் அளவு மாறுவதால் வருவது இது, சில வாரங்களில் சரியாகும். அதுவரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். பார்வை திடீரென மறைந்தாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றொன்று, 110-லேயே சர்க்கரை இறங்கிவிட்டதுபோல் கை நடுங்குவது. பல மாதம் 250-க்குப் பழகிய உடல் இயல்பான அளவைத் தாழ்வாக உணர்கிறது. கருவியில் எண்ணைப் பார்க்காமல் இனிப்பை வாயில் போட்டுக்கொள்வதும், மாத்திரையை நிறுத்துவதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், சர்க்கரை தாழ்ந்தால் செய்ய வேண்டியதையும் இரட்டைச் சோதனை முறையையும் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டும்படி பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன். மூன்றாம் மாத இறுதியில் எச்.பி.ஏ.1சி மறுபடி பார்க்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சர்க்கரை நோய்ச் சிகிச்சையில் பணிபுரியும் ஒரு வாசகர்