பழைய எண்ணெய் யார் கைக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கினால் பலகாரக் கடைகளில் சோதனை, பழைய எண்ணெய் பறிமுதல் என்று செய்திகள் வரத் தொடங்கிவிடும். சட்டியில் கிடக்கும் எண்ணெயைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சட்டியை விட்டு இறங்கிய எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கடைக்காரர்கள் சட்டத்தில் மாட்டுவதற்கும் சாக்கடை அடைத்துக்கொள்வதற்கும் அங்கேதான் வழி இருக்கிறது.

முதலில் விதி. பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்களை மொத்தமாக டிபிசி என்று அளக்கிறார்கள். 2018 ஜூலை 1 முதல் இது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. தள்ளுவண்டிக்கும் இதே அளவுதான், நட்சத்திர ஹோட்டலுக்கும் இதே அளவுதான். பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் இடங்கள், 2019 மார்ச் 1 முதல் பதிவேடு வைக்க வேண்டும்; கழித்த எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். 50 லிட்டருக்குக் குறைந்தால் பதிவேடு கட்டாயமில்லை என்பதை, எதுவுமே கட்டாயமில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது ஏமாற்றிவிடும். மிளகாய்த்தூள் போட்ட சிக்கன் பொரித்த எண்ணெய் சீக்கிரம் சிவக்கும், கெடாமலும் இருக்கலாம். அப்பளம் மட்டுமே பொரித்த எண்ணெய் வெளுப்பாகவே இருந்து எல்லையைத் தாண்டியிருக்கலாம். பொருள் போட்டதும் நுரை பொங்கி அடங்காமல் நின்றால், வழக்கமான சூட்டிலேயே புகைந்தால், கரண்டியிலிருந்து பிசுபிசுவென்று இறங்கினால் அன்றே கழித்துவிடுங்கள். கையடக்க டிபிசி மீட்டர் இருந்தால் சந்தேகமே இல்லை. தனித்தனியாக வாங்க முடியாவிட்டால் ஒரு தெருக் கடைகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

மாஸ்டர்கள் பலரும் செய்வது, எண்ணெய் குறையக் குறைய மேலே புது எண்ணெய் ஊற்றுவது. இது பழையதைப் புதிதாக்காது. புதியதைச் சீக்கிரம் கெடுக்கும். இரவு அடுப்பை அணைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் துணியில் வடிகட்டி, அடியில் தங்கிய கடலைமாவுக் கசடை எடுத்துவிட்டால் எண்ணெய் கருகுவது கணிசமாகக் குறையும். சூடு 180 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் உதவும்.

கழித்த எண்ணெய்க்கு மூடியுள்ள டின் தனியாக வேண்டும். ‘கழித்தது, சமையலுக்கு அல்ல’ என்று பெயிண்டில் எழுதிச் சமையலறைக்கு வெளியே வையுங்கள். தண்ணீர் சேரக் கூடாது. ஈரம் பட்ட எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும். கழித்த எண்ணெயை வாங்கி பயோடீசல் எரிபொருள் ஆக்குபவர் விலையைக் குறைப்பார், அல்லது வேண்டாம் என்பார். நீங்கள் லிட்டரில் எழுதுவீர்கள், வாங்குபவர் கிலோவில் நிறுப்பார். 1 லிட்டர் சுமார் 910 கிராம் என்பதை நினைவில் வைத்தால் 15 லிட்டருக்குச் சுமார் 13.65 கிலோ வர வேண்டும் என்று கணக்குப் பார்க்கலாம்.

பதிவேட்டில் தேதி, எண்ணெய் வகை, சட்டியில் ஊற்றிய அளவு, நாள் முடிவில் கழித்த அளவு, யாரிடம் எப்போது கொடுத்தீர்கள் என்பவை போதும். மாதம் முழுக்க எண்ணெய் வாங்கிய பில் இருக்கும். கழித்த அளவு என்ற கட்டத்தில் பூஜ்ஜியமாக இருக்கும். அப்படியானால் கழித்த எண்ணெய் எங்கே என்பதுதான் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி.

வாங்க வருபவர், பழைய சமையல் எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்குத் திருப்பிவிடும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ரூகோ’ திட்டப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். தேதி, அளவு, வண்டி எண் போட்ட ரசீது தர வேண்டும். ரசீது இல்லாமல் ரொக்கம் நீட்டி, புது எண்ணெய் விலைக்குப் பக்கத்தில் ஒரு விலை சொன்னால் அவர் பயோடீசலுக்கு வாங்கவில்லை. அந்த விலையில் பயோடீசல் கட்டுப்படியாகாது. அது இன்னொரு கடையின் சட்டிக்குத்தான் போகும்.

விற்காமல் கீழே ஊற்றுவது இன்னும் மோசம். நம் ஊர் வெயிலில் எண்ணெய் உறையுமா என்பார்கள். உறைய வேண்டியதே இல்லை. உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு கொழுப்பு அமிலம் சேர்ந்து சோப்புக்கட்டிபோல் குழாயில் இறுகிவிடும். பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கீழே கிரீஸ் டிராப், அதாவது கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் தொட்டி, வைப்பது இதைத் தடுக்கத்தான். மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் தங்கும் கசடும் சேர்ந்து தொட்டியில் நான்கில் ஒரு பங்கை எட்டினால், அதாவது 60 செ.மீ. ஆழத்தில் 15 செ.மீ. ஆனால், அள்ளிவிட வேண்டும். அதற்குச் சோம்பி கொதிநீரும் சோப்புத் திரவமும் ஊற்றிவிடுவார்கள். கொழுப்பு கரைந்து உங்கள் தொட்டியைத் தாண்டித் தெருக் குழாயில் போய்க் கட்டும். அள்ளிய கொழுப்பைக் கழித்த எண்ணெய் டின்னில் சேர்க்காதீர்கள். டின் முழுதும் வீணாகும். தட்டையும் சட்டியையும் கழுவும் முன் துடைத்துவிட்டாலே பாதி வேலை குறையும்.

அரசுத் தரப்பில் செய்ய வேண்டியதும் உண்டு. நாளுக்கு 2, 3 லிட்டர் கழிக்கும் டீக்கடைக்குச் சேகரிப்பாளர் வண்டி வராது. டீசல் காசுகூடத் தேறாது. வணிகர் சங்கமோ உள்ளாட்சியோ மார்க்கெட் பகுதிகளில் ஒரு டிரம் வைத்து, வாரம் ஒருநாள் மொத்தமாக எடுக்க ஏற்பாடு செய்தால் சிறு கடைகளும் ரசீதோடு கொடுக்க முடியும். தீபாவளிக்காக மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துப் பலகாரம் போடுபவர்கள் வேறு ரகம். பண்டிகை முடிந்ததும் அடுப்போடு ஆளும் போய்விடுவார். டின்களுக்கு யாரும் பொறுப்பில்லை. தற்காலிகத் தயாரிப்பாளர்களுக்குப் பதிவு கொடுக்கும்போதே, கழித்த எண்ணெயை எடுக்கப்போகும் சேகரிப்பாளர் பெயரையும் எழுதி வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
உணவுத் தொழில் ஆலோசகர்,
மதுரை.