கேட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்துப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பி.டி.ஏ. பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஜூனில் பள்ளி திறந்ததும் விதிமுறைத் தாளில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள். விதி வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. விதி இல்லாத இடத்தில் பலசாலி வைத்ததுதான் சட்டம். ஆனால் இந்தத் தாள்கள் பிள்ளைகளை மட்டுமே கட்டுகின்றன. பள்ளியைக் கட்டும் வரியைத் தேட வேண்டியிருக்கிறது.

‘தாமதமாக வந்தால் கேட் பூட்டப்படும்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து வரும் பிள்ளை ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குத்தான் காத்திருக்க வேண்டும். பூட்டிய கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நிற்கும்போது அது வீட்டின் கண்காணிப்பிலும் இல்லை, உங்கள் கண்காணிப்பிலும் இல்லை. இப்படி மாற்றலாம்: வந்த பிள்ளையை உடனே உள்ளே விட வேண்டும். நேரமும் காரணமும் பதிவேட்டில் ஏற வேண்டும். மாதத்தில் மூன்று முறை ஆனால் வீட்டுக்கு போன். அதற்கு மேல் பெற்றோரை அழைத்துப் பேச்சு. பதிவேட்டைப் புரட்டும்போது தாமதக்காரர்களில் பலரும் ஒரே பஸ்ஸில் வருபவர்கள் என்று தெரிந்தால், மனு போக வேண்டியது பஸ் டிப்போவுக்கு.

அபராதம் வேண்டாம். படிப்பைத் தொடரவிடாமல் தடுக்கக்கூடிய எந்தக் கட்டணத்தையும் 6 முதல் 14 வயது வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 17ஆம் பிரிவு தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றுவதை 16ஆம் பிரிவு தடுக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்காரர்களான நமக்கு 5ஆம் பிரிவு முக்கியம்: குடும்பம் பொள்ளாச்சிக்குக் குடிபெயர்ந்தால் டி.சி.யை உடனே கொடுத்தாக வேண்டும். பிடித்துவைக்கும் தலைமையாசிரியர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வரும். டி.சி. வரத் தாமதமானாலும் அங்குள்ள பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது.

கல்வித் துறைச் சுற்றறிக்கை கையில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் 1985இல் கேரளத்தில் நடந்ததைப் பார்க்கட்டும். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்ற, ஆனால் மத நம்பிக்கையால் பாடாத மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாடியே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, துறை உத்தரவை வைத்து அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்றது.

ஆகவே ஒவ்வொரு விதிக்கும் கீழே அதன் காரணத்தையும், மீறினால் யார் விசாரிப்பார், முடிவில் குறையிருந்தால் யாரிடம் போவது என்பதையும் எழுதுங்கள். காரணம் எழுத வராத விதியை அடித்துவிடலாம். தலைமுடிக்கும் ரிப்பன் நிறத்துக்கும் உள்ள பல விதிகள் அதிலேயே விழுந்துவிடும். பிள்ளையின் பதிலைக் கேட்காமல் நடவடிக்கை கூடாது. ஜன்னல் கண்ணாடியை யார் உடைத்தது என்று தெரியாதபோது வகுப்பு முழுவதையும் தண்டனையாக நிற்கவைத்தால், செய்தவனும் செய்யாதவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். அடுத்த முறை உண்மை சொல்ல யாரும் முன்வர மாட்டார்கள்.

வரைவைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வையுங்கள். சட்டப்படி அதில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தாள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். மலையாளம் வாசிக்கத் தெரியாத தாயிடம் மலையாளத் தாளில் வாங்கிய கையெழுத்தைச் சம்மதமாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியரும் சிலர்